பீமன் ஓடினான், புருஷாமிருகம் நின்றது

மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் குமரி மாவட்டத்து முஞ்சிறை திருமலை மகாதேவர் கோயில் வாசல் காவி வேட்டிகளால் நிறைந்துவிடும். கையில் பனையோலை விசிறி, கூடவே திருநீற்றுப் பை, வாயில் ‘கோபாலா, கோவிந்தா’. விஷ்ணுவின் பெயரைக் கூவிக்கொண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுகிற சிவாலய ஓட்டம் இது. திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று போய், பன்னிரண்டாவதாகத் திருநட்டாலத்தில் ஓட்டம் நிறைவடையும். அதற்குள் நூறு கிலோமீட்டர் அளவுக்குக் கால்கள் கடந்திருக்கும். கோயிலுக்குக் கோயில் குளியல், ஈரத்துணியோடு கும்பிடு, மறுபடி ஓட்டம். ஓடுகிறவர்களை ஊர் கோவிந்தன்மார் என்று அழைக்கிறது.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் இந்தக் கூட்டத்தில் சேர நினைத்தால் என்ன ஆகும்? நினைப்பது இயல்புதான். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியவர், ‘என்னை நடக்க வைத்தால் பன்னிரண்டு கோயிலுக்கும் ஓடி வருகிறேன்’ என்று நேர்ந்திருப்பார். எடையும் இறங்கியிருக்கும். ஆனால் மருத்துவர் ‘இப்போது வேண்டாம்’ என்பார். நேர்ச்சையை மீறுவதா, மருத்துவர் சொல்லை மீறுவதா? உடம்பைக் காத்துக்கொள்வது பக்தியில் ஒரு குறையா? கேள்வி மருத்துவத்தை விட்டுச் சமயத்துக்குள் வந்துவிடுகிறது.

முதலில் உடம்பின் நிலை. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பைபாஸ் முறையில் மிகச் சிறிய பை ஒன்றை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இரண்டிலுமே நடை உடனே தொடங்கிவிடுகிறது. அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்க வைப்பார்கள். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடக் கூடாது என்பதே காரணம். ஆனால் நான்கு முதல் ஆறு வாரம்வரை பாரம் தூக்கக் கூடாது, தூக்கினால் வயிற்றுத் தையல் வழியே குடலிறக்கம் வரலாம். காயம் முழுக்க ஆறும்வரை குளத்திலும் ஆற்றிலும் இறங்கக் கூடாது. குளித்துக் குளித்து ஓடுகிற ஓட்டத்தில் இந்த ஒன்றே பெரிய தடை.

காயம் ஆறிய பிறகும் சில விஷயங்கள் மாறாமல் நிற்கின்றன. சிறுத்துப்போன இரைப்பை ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் ஏற்காது. மிடறு மிடறாக நாள் முழுக்க ஒன்றரை, இரண்டு லிட்டர் குடித்தாக வேண்டும். மாசி வெயிலில் தார்ச்சாலையில் ஓடுகிறவருக்கு வியர்வை போகிற வேகத்தில் தண்ணீர் உள்ளே போகாது. வழியில் அன்போடு நீட்டுகிற பானகமும் ஆபத்தாகலாம். பைபாஸ் செய்தவருக்கு வெல்லத் தண்ணீர் நேரே குடலில் இறங்கிப் படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றுப்போக்கு என்று கொண்டுவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சரிந்து கண் இருட்டுவதும் உண்டு. எடையோடு தசையும் கரைகிறது. அதனால் நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும், தசைக்கான பயிற்சியும் வேண்டும். வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியில் தொடங்கி 300 நிமிடம்வரை படிப்படியாக உயர்த்தலாம் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். பட்டினி விரதம் இருந்துவிட்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஓடித் தீர்ப்பது இதற்கு நேர் எதிரானது.

‘அப்பர் உடம்பைப் பார்த்தாரா?’ என்று கேட்பார்கள் பெரியவர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கயிலைக்கு நடந்த அப்பர், பாதம் தேய்ந்ததும் கையால் தவழ்ந்தார், மார்பால் உந்தினார், கடைசியில் உருண்டார். பெரிய புராணம் அதை உருகிச் சொல்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. இறைவன் முனிவராக வந்து அவரைத் தடுக்கிறார், நைந்த உடம்பை நலமாக்குகிறார், குளத்தில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழவைத்து அங்கேயே கயிலையைக் காட்டுகிறார். அடியவர் உறுதியாக நின்றார், ஆனால் அந்த உடம்பு அழிவதை இறைவன் விரும்பவில்லை. உருண்டதை மட்டும் நினைவில் வைத்துத் திருவையாற்றை மறந்துவிடுவது அந்தக் கதைக்குச் செய்கிற அநீதி. கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் கண்ணனும் உடம்பை வதைக்கிற தவத்தை அசுரத்தன்மையோடு சேர்த்தே பேசுகிறான்.

சிவாலய ஓட்டத்தின் கதையிலும் அந்தக் கண்ணன் வருகிறான். தருமரின் ராஜசூய யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். பாதி மனிதன், பாதி விலங்கான அது தீவிர சிவபக்தன், விஷ்ணுவின் பெயர் காதில் விழுந்தாலே சீறும். பால் கொண்டுவரப் பீமன் போகிறான். பெருந்தீனிக்காரன், பலசாலி, தன் உடம்பை நம்புகிறவன். அவனிடம் கண்ணன் பன்னிரண்டு ருத்திராட்சங்களைக் கொடுத்து அனுப்புகிறான். ‘கோவிந்தா’ என்றதும் மிருகம் துரத்துகிறது. பிடிபடும் நேரத்தில் பீமன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான், அது லிங்கமாகிறது. மிருகம் நின்று பூஜை செய்கிறது. இப்படிப் பன்னிரண்டு இடங்கள்.

கோவிந்தன்மார் பீமனின் ஓட்டத்தை ஓடுகிறார்கள். ஆனால் அந்தக் கதையில் சிவபூஜை செய்தது பீமன் இல்லை. அவன் உயிருக்குப் பயந்து ஓடினான். வழிபட்டது புருஷாமிருகம், அதுவும் கையெட்டும் தூரத்தில் இரை இருக்கும்போது நின்று வழிபட்டது. பன்னிரண்டு கோயில்களும் அது நின்ற இடங்கள். அப்படியானால் உடம்பு கேட்கும்போது நிற்பதை நேர்ச்சையில் குறை என்று எப்படிச் சொல்வது?

கதையின் முடிவு இன்னும் ஆழமானது. புருஷாமிருகத்தின் எல்லையில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருக்கும்போது பீமன் பிடிபடுகிறான். வழக்கு தருமரிடம் போகிறது. தம்பி என்றும் பாராமல், பீமன் உடம்பில் பாதி புருஷாமிருகத்துக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்கிறார் அவர். உடம்பு முழுக்க அதை உடையவனுக்கே என்ற எண்ணத்தை அந்தத் தீர்ப்பு உடைக்கிறது. அறுவை மேசையில் நாம் கிடந்தபோது வெளியே காத்திருந்த மனைவிக்கும், வயதான தாய்க்கும் இந்த உடம்பில் பங்கு உண்டு. நேர்ச்சை நேரும்போது அவர்களைக் கேட்காமல் அவர்களுடைய பாதியையும் சேர்த்து நேர்ந்துவிடுகிறோம்.

இன்று பன்னிரண்டு கோயிலுக்கும் பைக்கிலும் காரிலும் போகிறவர்கள் ஏராளம், அவர்களைக் கோயில் திருப்பி அனுப்புவதில்லை. அறுவை முடிந்து சில மாதங்கள் ஆனவர், மருத்துவர் சம்மதித்தால், கல்குளத்திலிருந்து மேலாங்கோடுவரை நடந்துவிட்டு மற்றவற்றுக்கு வண்டியில் போகலாம். அடுத்த ஆண்டு இன்னும் ஒரு கோயிலைக் கூட்டிக்கொள்ளலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர் அளவைச் சரிபார்த்துக்கொண்டே கிளம்ப வேண்டும், எடை குறையக் குறைய அந்த அளவுகளும் மாறும். தனியாகப் போகக் கூடாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வீக்கம், தொடர்ந்த வாந்தி இவற்றில் எது வந்தாலும் நடையை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல் போடும் இளைஞர்கள் பானகத்துக்குப் பக்கத்தில் உப்புப் போட்ட மோரையும் வைத்து, உட்கார நாலு நாற்காலியும் போட்டால், இந்த மாதிரி கோவிந்தன்மாருக்கும் அந்தப் பாதையில் இடம் கிடைக்கும்.