வருஷத்தின் உழைப்பும் ஒரு நாளின் தீர்ப்பும்

பந்தயத்தில் ஜெயித்தவன் யார் என்று தீர்மானிப்பது சுலபமான காரியம் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறோம். யார் முதலில் எல்லைக் கோட்டைத் தாண்டுகிறானோ அவனே ஜெயித்தவன். இதில் தர்ம விசாரணைக்கு என்ன இடம்? ஒரே பந்தயமானால் இடம் இல்லைதான். ஆனால் ஒரு வருஷத்தில் 36 பந்தயங்கள் நடந்து, அத்தனையையும் சேர்த்து, "இந்த வருஷத்தின் தலைவன் இவன்" என்று ஒருவனைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால், அங்கே நியாயம் என்ற பழைய தொல்லை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று ஒன்று உண்டு. கடையில் விற்கும் சாதாரணக் காரையே பந்தயத்தில் ஓட்டுவது என்பது அந்தப் பெயரின் பொருள். தென் மாநில மலைகளில் கள்ளச் சாராயம் கடத்தியவர்கள் போலீஸுக்குத் தப்புவதற்காக முடுக்கிவைத்த கார்களுக்கும் இந்த விளையாட்டின் பிறப்பில் பங்கு உண்டு. 1948-ல் டேடோனா பீச்சில் பில் பிரான்ஸ் என்பவர் இதற்கு ஒரு சங்கம் கண்டார். அதுதான் நாஸ்கார். இன்று அந்தக் கார்களில் கடைச்சரக்கு என்று சொல்ல, மேல்தோற்றத்தின் சாயல் ஒன்றுதான் மிச்சம். 2022-ல் வந்த புது மாதிரியில் பெரும்பாலான பாகங்களை எல்லாக் குழுக்களும் குறிப்பிட்ட அதே கம்பெனிகளிடமிருந்துதான் வாங்கியாக வேண்டும். காசுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் வண்டி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கட்டும் என்ற எண்ணம். வண்டியில் இவ்வளவு சமத்துவம் தேடியவர்கள், வெற்றியை அளக்கும் கோலை என்ன செய்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

2003-ஆம் வருஷம் மாட் கென்சத் என்பவர் தலைமைப் பட்டம் பெற்றார். அந்த வருஷம் முழுவதிலும் அவர் ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம். ரயன் நியூமன் என்பவர் எட்டுப் பந்தயங்களில் ஜெயித்தும் புள்ளிக் கணக்கில் ஆறாவதாக நின்றார். கென்சத் செய்த காரியம் என்ன? வாரா வாரம் முன்வரிசையில் முடித்தார், வண்டியை உடைத்துக்கொள்ளவில்லை, புள்ளி புள்ளியாகச் சேர்த்தார். சிக்கனமான குடும்பஸ்தனின் வெற்றி அது. ஆனால் குடும்பஸ்தனை வேடிக்கை பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்? மறு வருஷமே விதியை மாற்றினார்கள். கடைசிப் பத்துப் பந்தயங்களுக்கு முன், முன்னணியில் இருப்பவர்களின் புள்ளிகளை ஏறக்குறைய சமமாக்கிவிட்டு, புதிதாக ஓடச் சொன்னார்கள்.

அதுவும் போதவில்லை. 2014-ல் 16 பேரில் தொடங்கி, படிப்படியாக ஆட்களைக் கழித்து, கடைசிப் பந்தயத்துக்கு நாலு பேரை மட்டும் நிறுத்தினார்கள். அந்த நால்வரில் அன்று யார் முன்னால் வருகிறானோ அவனுக்கே வருஷத்தின் பட்டம். அந்த முதல் வருஷத்திலேயே, ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத நியூமன் பட்டத்துக்கு ஒரு படி கீழே, இரண்டாவதாக வந்து நின்றார். முன்பு எட்டு ஜெயித்து ஆறாவதாக நின்றவரும் இவரேதான்!

2024-ல் ஜோயி லொகானோ அந்தக் கட்டத்தில் ஒருமுறை கழிபட்டே போனார். பந்தயம் முடிந்தபின் அலெக்ஸ் போமனின் காரை நிறுத்துப் பார்த்தார்கள், எடை குறைந்திருந்தது. போமன் நீக்கப்பட, லொகானோ உள்ளே வந்தார். அடுத்த வாரமே ஜெயித்தார். கடைசிப் பந்தயத்திலும் ஜெயித்துப் பட்டம் கட்டிக்கொண்டார்.

2025 நவம்பர் 2-ஆம் தேதி நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பீனிக்ஸ் நகரில் கடைசிப் பந்தயம். டென்னி ஹாம்லின் அதுவரை 60 பந்தயங்களை ஜெயித்தவர். தலைமைப் பட்டம் மட்டும் அவர் கையில் சிக்கியதில்லை. அன்று 208 சுற்றுகள் அவரே முன்னால் ஓடினார். இன்னும் மூன்று சுற்றுகளே மீதி. அப்போது வில்லியம் பைரனின் கார் டயர் வெடித்துச் சுவரில் மோதியது. மஞ்சள் கொடி விழுந்தது. எல்லோரும் டயர் மாற்ற உள்ளே வந்தார்கள். ஹாம்லின் குழு நாலு டயரையும் மாற்றியது. கைல் லார்சன் குழு இரண்டை மட்டும் மாற்றி முன்னால் வெளியே வந்தது. மிச்சம் இரண்டு சுற்று ஓட்டம். பந்தயத்தை ஜெயித்தவர் ரயன் பிளேனி. லார்சன் மூன்றாவது, ஹாம்லின் ஆறாவது. பட்டம் லார்சனுக்கு. அன்று ஒரு சுற்றில்கூட லார்சன் முன்னணியில் இருக்கவில்லை. மே மாதத்துக்குப் பிறகு அவர் ஒரு பந்தயமும் ஜெயித்திருக்கவில்லை.

லார்சன் மீது குற்றம் உண்டா? கிடையாது. அவர் எந்த விதியையும் மீறவில்லை. திறமைசாலிதான் என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை. அப்படியானால் அதிர்ஷ்டத்தைப் பழிக்கலாமா? "அதிர்ஷ்டம் இல்லாத விளையாட்டு ஏது, வாழ்க்கைதான் ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 36 பந்தயங்களை ஒழுங்காகக் கூட்டிப் பார்த்தாலும் அதிலும் டயர் வெடிக்கும். அதிலும் பிறர் மோதிக் கெடுப்பார்கள்.

ஆனால் வந்த விதி வேறு, வரவழைத்த விதி வேறு. நீண்ட கணக்கில் அதிர்ஷ்டம் இன்று ஒருவனைத் தூக்கும், நாளை அவனையே தள்ளும். கடைசியில் பெரும்பாலும் உழைப்பின் கனமே தட்டில் நிற்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் தொங்கவிட்டால், அதிர்ஷ்டத்துக்கு நாமே நாற்காலி போட்டு நீதிபதியாக உட்கார வைக்கிறோம். டயர் வெடித்தது விபத்து. ஒரு டயர் வெடிப்பதால் ஒரு வருஷம் கவிழ்ந்து போகும்படி ஏற்பாடு செய்தது விபத்தல்ல. அது மனிதர்கள் கூடி உட்கார்ந்து யோசித்துச் செய்த காரியம்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த ஆசை நன்றாகவே புரியும். கடைசி அத்தியாயத்தில் வாசகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. முந்திய அத்தியாயங்களில் விதைத்தது கடைசியில் காய்க்கும்படி எழுதுவது ஒன்று. எங்கிருந்தோ ஒரு லாரியைக் கொண்டுவந்து கதாநாயகன் மீது மோதவிடுவது மற்றொன்று. லாரி நிச்சயமாகத் திடுக்கிட வைக்கும். ஆனால் புஸ்தகத்தை மூடியதும் வாசகன், "அப்படியானால் இத்தனை நாள் எதற்காகப் படித்தேன்?" என்று கேட்பான். என் பாத்திரங்களுக்காவது ரத்தமும் சதையும் இல்லை. மணிக்குச் சுமார் 200 மைல் வேகத்தில் போகிறவனுக்கு இருக்கிறது. 2001-ல் டேடோனாவில் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். உயிரைப் பணயம் வைக்கிறவனுக்கு ஊர் திருப்பித் தரக்கூடியது என்ன? அவன் செய்ததை உள்ளபடி கணக்கில் எழுதுவது ஒன்றுதான்.

அந்தக் கணக்கு எழுதப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதே விளையாட்டில் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1963 டிசம்பர் 1-ஆம் தேதி ஜாக்சன்வில் நகரில் வெண்டல் ஸ்காட் என்ற கறுப்பர் ஜெயித்தார். வெற்றிக் கொடி அவருக்கு அசைக்கப்படவில்லை. பக் பேக்கர் என்ற வெள்ளையரை ஜெயித்தவர் என்றார்கள். சில மணி நேரம் சென்று, கூட்டம் கலைந்த பிறகுதான் ஸ்காட்டே வென்றவர் என்று ஒப்புக்கொண்டார்கள். உரிய கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை. 1990-ல் அவர் இறந்தார். 2021-ல்தான் அவர் குடும்பத்தாரிடம் ஒரு கோப்பை கொடுக்கப்பட்டது. நிறவெறி செய்த அநியாயத்தையும் வேடிக்கைக்காக வகுத்த விதியையும் ஒரே தட்டில் வைத்து நான் நிறுக்கவில்லை. முன்னது பாவம், பின்னது வியாபாரம். ஆனால் செய்தவனுக்குச் செய்தது கணக்கில் ஏறவேண்டும் என்ற ஒன்று தளர்ந்துவிட்டால், கோப்பை வெறும் பித்தளை என்பதை ஸ்காட்டின் கதை எனக்குச் சொல்கிறது.

ஜனங்கள் பார்க்காவிட்டால் பந்தயமே இல்லையே என்பார்கள். உண்மை. ஜனங்களுக்காகவே விதியை மாற்றினார்கள். ஆனால் மாற்ற மாற்ற ஜனங்கள் பெருகிவிடவில்லை. 2000-களின் நடுவில் இருந்த டெலிவிஷன் கூட்டம் பிறகு கரைந்தது. பல மைதானங்களில் காலியாகக் கிடந்த ஆசன வரிசைகளைப் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள். இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் பார்க்கிறவன் திடுக்கிடுவதற்கு மட்டும் வருவதில்லை, நம்புவதற்கும் வருகிறான் என்றே எனக்குப் படுகிறது.

2026 ஜனவரியில் நாஸ்கார் அந்த ஒரு நாள் தீர்ப்பைக் கைவிட்டது. 16 பேர், கடைசிப் பத்துப் பந்தயங்கள், நடுவில் யாரையும் கழிப்பதில்லை, பத்தையும் கூட்டிப் பார்ப்பது என்று அறிவித்தது. பந்தயத்தை ஜெயித்தவனுக்கு 40 புள்ளியாக இருந்ததை 55 ஆக்கியது. முழு வருஷத்தின் கணக்குக்கு அவர்கள் திரும்பவில்லை. பாதி வழி வந்திருக்கிறார்கள். ஆசைக்கும் நியாயத்துக்கும் நடுவில் மனிதன் செய்துகொள்ளும் சமரசம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ஹாம்லின் இழந்ததை இந்த விதி திருப்பிக் கொடுக்காது. நாளை இன்னொருவன் அப்படி இழக்காதிருக்க உதவினால், அந்த அளவுக்கு அது நல்ல விதி.