நிகழ்ந்ததை அழித்தலும் பெயரற்ற பெண்களும்

நிகழ்ந்துவிட்ட ஒன்றை நிகழாததாக்கக் கடவுளால் இயலுமா என்ற கேள்வி, மேலைக் கிறித்தவ மரபில் ஒரு பெண்ணின் உடலை முன்வைத்தே கூர்மை பெற்றது. கன்னிமை இழந்தவளை மீண்டும் கன்னியாக்க எல்லாம் வல்லவராலும் ஆகாது என்று 4ஆம் நூற்றாண்டில் புனித ஜெரோம் எழுதியதை, 11ஆம் நூற்றாண்டில் பீட்டர் டேமியன் மறுத்து, இறைவனின் ஆற்றலுக்கு வரம்பு கட்டலாகாது என வாதிட்டார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், நடந்தது நடக்கவில்லை என்பது தன்முரண், அதாவது தன்னையே மறுக்கும் கூற்று, ஆதலால் அது இறைவல்லமையின் எல்லைக்குள் வராது என்றார். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது என்ன என்பது இவ்விவாதத்தின் மையமாக ஒருபோதும் ஆகவில்லை.

கதைமாந்தர் தம் காலத்தை விட்டு வேறொரு காலத்துக்குச் செல்லும் காலப்பயணப் புனைவு, அதே கேள்வியை மனிதரின் கையில் ஒப்படைக்கிறது. ஆக்டேவியா பட்லர் 1979இல் வெளியிட்ட 'கின்ட்ரெட்' நாவலில், 1976ஆம் ஆண்டுக் கலிபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், 19ஆம் நூற்றாண்டு மேரிலாந்தின் அடிமைப் பண்ணைக்கு மீண்டும் மீண்டும் இழுக்கப்படுகிறாள். அங்கே பண்ணையாரின் மகன் ரூஃபஸ், அடிமையாகப் பிறக்காத ஆலிஸை அடிமையாக்கி வன்முறையால் தனக்குரியவளாக்குகிறான். அவர்களுக்குப் பிறக்கும் ஹேகரின் வழிவந்தவளே டேனா. ஆலிஸைக் காத்தால் தானே பிறவாமற் போகக்கூடும் என்பதால், ரூஃபஸின் சொல்லை ஆலிஸிடம் எடுத்துச்செல்லும் கொடிய பணியும் டேனாவின் தலையில் விழுகிறது. காலத்தில் பின்னோக்கிச் செல்வதை மீட்பாக மட்டுமன்றி உடந்தையாகவும் காட்டிய இத்துணிவே நாவலின் பெருமை.

நாவலுக்கு வெளியே, ஆலிஸைப் போன்ற பெண்கள் அரசு ஏடுகளில் பெயரின்றியே நின்றனர். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை எழுதப்பட்டன. அடிமையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பெரும்பாலும் வெறும் எண்ணே நின்றது. அக்குவினாஸின் வாதம் இத்தகைய ஏட்டின் முன் எதிர்பாராத ஆறுதலாகிறது: நடந்த கொடுமையை எவராலும் அழிக்க இயலாதெனில், அவ்வெண்ணுக்குரிய பெண் வாழ்ந்ததையும் எவராலும் அழிக்க இயலாது.

அந்த ஏட்டுக்கு மாறாக, பட்லரின் நாவலில் ஹேகரின் பெயர் குடும்ப விவிலியத்தின் பதிவில் முதலாவதாக நிற்கிறது. அது தொடக்கநூலில் வரும் அடிமைப்பெண் ஆகாரின் பெயர். பாலைநிலத்தில், தன்னைக் காண்பவர் என்று கடவுளுக்கே பெயரிட்டவள் அவள். ஆனால் அவள் தன் தலைவியிடமே திரும்பிச் செல்லுமாறு பணிக்கப்படுகிறாள். கறுப்பினப் பெண்களின் நோக்கிலிருந்து இறையியல் எழுதிய டெலோரஸ் வில்லியம்ஸ், 1993இல் வெளிவந்த தம் நூலில் இந்த இடத்தை மழுப்பாமல் எதிர்கொண்டு, இங்குள்ள இறைவன் அவளை விடுவிக்கவில்லை, அவள் உயிர்பிழைக்கவே வழிசெய்கிறார் என்று வாதிட்டார்.