பாவம் போய்ச் சேரும் இடம்

ஐப்பசி கடைசி நாள் மயிலாடுதுறையில் கடைமுழுக்கு. ஜனங்கள் கரைத்த பாவத்தைச் சுமந்து தவித்த கங்கை, அதைத் தொலைக்க அந்த மாதம் காவிரிக்கு வந்து முழுகுகிறாள் என்பது ஐதிகம். "அப்ப காவிரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவா?" என்று சின்ன வயதில் அத்தையிடம் கேட்டேன். "வாயை மூடிக்கிட்டு முழுகுடா" என்றாள்.

இப்போது வாழைக்கு யூரியா போடுகிறவன் நான். 45 கிலோ மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை வைத்துக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கத் தொடங்கினார்கள். என் மூட்டையும் அதே வழியில் வந்ததுதான். போட்டதில் பெரும்பங்கு பயிருக்குச் சேர்வதில்லை. அடைமழை பிடித்தால் மிச்சம் நைட்ரேட்டாகக் கரைந்து வடிகாலில் இறங்கிவிடும். ஆறு அதை அழிக்கும் என்று நம்பத்தான் ஆசை. மிசிசிப்பி என்ன செய்கிறது? அயோவா வயல்களின் உரத்தை மெக்சிகோ வளைகுடாவரை சுமந்துபோய்க் கொட்டுகிறது. பாசி மண்டி, செத்து, மக்கி, 2017 கோடையில் 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் கடலடியில் பிராணவாயு வற்றிப்போனது. கழுவிவிட்டோம் என்றால் வேறொருவர் வாசலில் தள்ளிவிட்டோம் என்றுதான் பாதி நேரம் அர்த்தம்.

ஆனால் என் வடிகால் ஆற்றைத் தொடுமுன் கோரை மண்டிய ஒரு தாழ்ந்த படுகையில் வளைந்து தேங்குகிறது. அங்கே மண்வெட்டியைப் போட்டால் மேலே பழுப்பு மண். ஒரு சாண் கீழே நீலம் பாய்ந்த சாம்பல் சேறு, வேர் போன தடத்தில் மட்டும் துருநிறக் கோடுகள். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் பாக்டீரியாக்கள் மக்கிய சருகைத் தின்று, பிராணவாயுவுக்குப் பதில் நைட்ரேட்டைச் சுவாசிக்கின்றன. நைட்ரஜன் வாயுவாகி, பிடித்த காற்றுக்கே திரும்பிவிடுகிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் மக்காச்சோளக் கொல்லைக்கும் ஓடைக்கும் நடுவிலிருந்த மரக்கரையை அளந்தவர்கள், நைட்ரேட்டின் பெரும்பகுதி அந்தத் துண்டு நிலத்திலேயே தீர்ந்ததாக 1984-ல் வெளியிட்டார்கள்.

இதில் புண்ணியம் யாருக்கு? பாக்டீரியாவுக்கு எண்ணம் கிடையாது, மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். எண்ணமில்லாத செயலுக்குப் பலனில்லை என்று சாஸ்திரக்காரர்கள் வாதிக்கட்டும். பலன் கடலில் மீனுக்குக் கிடைக்கிறதே, அது போதும் எனக்கு. முழு விமோசனம் என்றும் சொல்லமாட்டேன். ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடாகக் கிளம்புகிறது. சூடேற்றுவதில் கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு. மணிச்சத்தான பாஸ்பரஸோ எங்கும் போவதில்லை. வண்டலோடு படிந்து அடுத்த வெள்ளத்துக்குக் காத்திருக்கும். வினை என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த ரகம்தான் போல.

தண்ணீர் தேங்கி நிதானமாகப் போனால்தான் இந்த வேலை நடக்கும். பக்கத்துக் கொல்லைக்காரருக்கு அதுதான் தகராறு. சம்பா முழுகுகிறது, பொக்லைன் விட்டு வாய்க்காலை நேராக வெட்டிவிடலாம் என்கிறார். "கோரைக்காட்டைக் காப்பாத்தி யாருக்குத் தம்பி லாபம்?" அவர் நஷ்டமும் நிஜம். தை அறுப்பு முடிந்ததும் வெட்டப்போகிறார்கள். பாதி வாடகை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்: மேல்பாதியை வெட்டுவதற்கு மட்டும், படுகைக்குள் வாளி இறங்கக்கூடாது. இன்னும் சரி என்று சொல்லவில்லை அவர்.