யாரிடம் சொல்வது?

இரயிலில் பக்கத்தில் உட்கார்பவர்கள் முதலில் கேட்பது ‘எந்த ஊரு?’ அடுத்தது ‘ஊருல எந்தத் தெரு?’ இரண்டாவது கேள்வி எதற்கென்று நமக்குத் தெரியும். அதனால் பேரும் ஊரும் கேட்காத இடத்தில் மனதைத் திறப்பது மற்றவர்களுக்கு ஒரு வசதி என்றால், நமக்கு அது மூச்சுவிடுகிற இடம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இருட்டில் நம்மோடு வேறு யாரெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள்?

1980இல் நியூயார்க்கில் ஆலன் பிரிட்ஜ் என்ற கலைஞர் சுவரொட்டி ஒட்டினார். தவறு செய்தவர்கள் ஒரு தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டு, பெயர் சொல்லாமல் மன்னிப்புக் கேட்கலாம். பதிவுக் கருவி வாங்கி வைத்துக்கொள்ளும். கடையில் பொருள் திருடும் பழக்கம் அவருக்கே இருந்தது. தன் பெயரையும் மறைத்துக்கொண்டார். 1995இல் அவர் சாகும்வரை அது நடந்தது. மனிதர்களுக்குத்தானே தீங்கு செய்தீர்கள், மனிதர்களிடம் மன்னிப்புக் கேளுங்கள், அரசிடமோ கடவுளிடமோ வேண்டாம் என்றார். நல்ல பேச்சுதான். ஆனால் மறுமுனையில் இருந்தது தீங்குபட்டவர் இல்லையே, மெஷின்தானே! இப்போது இணையத்தில் இதற்கென்றே தளங்கள் இருக்கின்றன.

ஒரு ராத்திரி, இரயிலில் எதிர் இருக்கையில் ஓர் அம்மா. அறுபது வயசிருக்கும். ஊரை மட்டும் கேட்டார். பக்கத்து டவுன் பேரைச் சொல்லி வைத்தேன். தெருவைக் கேட்கவில்லை. விளக்கை அணைத்த பிறகு சொன்னார்:

“எங்க வீட்டுல வேல செஞ்ச பொம்பளைக்குக் கொல்லப்பக்கம் வச்சு செரட்டையிலதான் காப்பி ஊத்துவேன். இப்ப அதெல்லாம் நெனப்புக்கு வருது. மனசு கேக்க மாட்டேங்குது.”

“அவங்க இப்ப இருக்காங்களாம்மா?”

“இருக்குது. ஊருலதான் இருக்குது.”

“அவங்ககிட்ட இதச் சொன்னீங்களா?”

“அதுகிட்டப் போயி நான் எப்படிம்மா…”

வருந்துகிற வாயிலும் ‘அது’தான். அவர் அழுதது பொய் என்று சொல்லமாட்டேன். அந்த அழுகை போய் நிற்க வேண்டிய வாசல் சேரியில் இருக்கிறது. பாரத்தை என்னிடம் இறக்கிவிட்டு அவர் தூங்கிவிட்டார். நான்தான் விடிய விடிய முழித்துக் கிடந்தேன்.

அடிபட்டவள் பெயரை மறைப்பது அடுத்த அடிக்குப் பயந்து. அடித்தவர் மறைப்பது எதற்குப் பயந்து? 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டால், பாதிக்கப்பட்டவள் தன் பெயரையும் சாதியையும் சொல்லியாக வேண்டும். காவல் நிலையத்தில் ஒரு தடவை, கோர்ட்டில் ஒரு தடவை, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கக் கேட்கப் பல தடவை. நியாயம் கேட்கிறவளுக்குப் பேர் வேண்டும், மன்னிப்புக் கேட்கிறவருக்கு வேண்டாம் என்பது எந்த ஊர்க் கணக்கு?

இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அன்றைக்குச் சொன்னேனா? ‘அம்மா, நானும் அந்தத் தெருதான்’ என்று வாய்வரைக்கும் வந்தது. எம்.ஏ. தமிழ் படித்தவள், மேடை மேடையாய்ப் பேசுகிறவள். சொல்லவில்லை.

விடிந்ததும் அவர் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் காப்பி ஊற்றி, முதலில் என்னிடம் நீட்டினார். குடித்துவிட்டுக் கொடுத்தேன். அதே மூடியில் ஊற்றி அவரும் குடித்தார்.