கதவுக்கு வெளியே குடும்பம்

புதுக் கார் வாங்கப் போகிறவரிடம் நம் ஊரில் நான்கு கேள்விகள் தவறாமல் வரும். மைலேஜ் எவ்வளவு? ஆன்ரோடு விலை என்ன? சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கிறதா? நாளைக்கு விற்றால் நல்ல விலை போகுமா? இப்போது ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. எத்தனை ஸ்டார்?

எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் அடுக்கிவைத்துப் பாருங்கள். ஐந்துமே காருக்குள் உட்கார்ந்திருப்பவர் கேட்கிற கேள்விகள்.

பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் கணக்கு பார்க்கும் நண்பன் ஒருவன். என்னோடு பி.காம். படித்தவன். சின்ன எஸ்.யூ.வி. வாங்குவதாக முடிவு பண்ணிவிட்டான். பிரெஸ்ஸாவா, நெக்ஸானா, வென்யூவா என்பதுதான் பாக்கி. "தினமும் பசங்களை ஆம்பூர் ஸ்கூல்ல விடணும். மாசம் ஒருவாட்டி அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். எப்பவாவது வி.கோட்டா மலைப்பாதை. எதுடா சரிப்படும்?" என்றான்.

இந்த வகைக் கார்களுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 2006 பட்ஜெட்டில் மத்திய அரசு, 4 மீட்டருக்கு மிகாத நீளமும் சின்ன இன்ஜினும் உள்ள கார்களுக்கு வரியைக் குறைத்தது. கம்பெனிகள் கணக்குப் போட்டன. நீளத்துக்கு வரி உண்டு, உயரத்துக்கு இல்லை! கார் மேல்நோக்கி வளர்ந்தது. 2013-ல் மறைமலை நகரிலிருந்து ஈகோஸ்போர்ட் வந்தது. 2016-ல் பிரெஸ்ஸா, 2017-ல் நெக்ஸான், 2019-ல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வென்யூ. ஈகோஸ்போர்ட் போய்விட்டது, அது காட்டிய வழி நிலைத்துவிட்டது. 2025 செப்டம்பரில் மாறிய ஜி.எஸ்.டி.யிலும் அதே 4 மீட்டர்தான் கோடு. சின்ன இன்ஜினோடு உள்ளே இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40.

உயரத்தைக் கேலி செய்ய வேண்டாம். மூட்டுவலிக்கார அம்மாவுக்கு அது பெரிய உபகாரம். தாழ்வான காரில் குனிந்து, மடங்கி, உள்ளே விழ வேண்டும். இதில் நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்காரலாம். நம் ஊர் வேகத்தடைகளில் அடி தட்டாது. மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் பயமில்லை. நண்பன் கேட்டதற்கு மூன்றுமே சரிப்படும் என்று சொன்னேன். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் என்றால் மூன்றிலுமே கொஞ்சம் இடிபட வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஆறாவது கேள்வி. அந்த உயரத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் ஐ.ஐ.எச்.எஸ். என்றொரு சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பானட்டின் முன்முனை 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் நடந்துபோகிறவர் மேல் மோதினால், அவர் இறப்பதற்கான வாய்ப்பு தாழ்வான வண்டிகளைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம் என்று 2023-ல் அது சொன்னது. அங்கே ஓடும் ராட்சத பிக்கப்புகளோடு நம் குட்டி எஸ்.யூ.வி.யைச் சேர்த்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் திசை ஒன்றுதான். தாழ்வான பானட் காலில் இடிக்கும். உயர்ந்த பானட் இடுப்பில் இடிக்கும். குழந்தையாக இருந்தால் நெஞ்சில், தலையில்.

ஸ்டார் என்ன சொல்கிறது? 2023-ல் தொடங்கிய பாரத் என்கேப் இரண்டு வகை ஸ்டார் தருகிறது. உள்ளே இருக்கும் பெரியவர்களுக்கு ஒன்று, உள்ளே இருக்கும் குழந்தைகளுக்கு ஒன்று. தெருவில் நடப்பவருக்குத் தனி ஸ்டார் கிடையாது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது இந்தக் கூட்டம். அவர்கள் எந்த ஷோரூமுக்கும் வந்து டெஸ்ட் டிரைவ் கேட்கப் போவதில்லை.

இதை நண்பனிடம் சொன்னேன். "என் குடும்பத்தைக் காப்பாத்துறது என் கடமைடா. ரோட்டுல போறவனை எல்லாம் நினைச்சா காரே வாங்க முடியாது" என்றான்.

அவன் சொல்வதில் முதல் பாதி முழு நியாயம். இரண்டாவது பாதிக்கான பதில் அவன் ஊரிலேயே இருக்கிறது.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளின் கணக்குப் புத்தகத்தில் ஒரு காலத்தில் எல்லாம் இருந்தது. பச்சைத் தோல், சுண்ணாம்பு, குரோம், கரண்ட், கூலி. பாலாற்றங்கரையில் உப்பேறிய கிணறு மட்டும் இல்லை. அது பக்கத்து விவசாயியின் கணக்கில் இருந்தது. அந்த டேனரிகள் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய வைத்தன. யாரும் வில்லன் இல்லை. தன் குடும்பம், தன் தொழில் என்று உழைத்தவர்கள்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்றது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், சுவருக்கு வெளியே விழுந்த செலவையும் உன் புத்தகத்தில் எழுது என்றது. 2025 ஜனவரியிலும் அதே பாலாறு, அதே தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. முதலிலேயே எழுதாத செலவு, தள்ளிப்போகுமே தவிரத் தீர்ந்துபோகாது.

காருக்கும் இதே கணக்குதான். கதவுதான் சுவர். உள்ளே இருப்பது மட்டும்தான் குடும்பம் என்று நினைக்கிறோம். நண்பனின் மனைவியும் பிள்ளைகளும் அந்தக் காருக்குள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருப்பார்கள்? மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். மற்ற நேரத்தில் அம்மா நடந்து மசூதித் தெரு தாண்டி மளிகைக்குப் போகிறார். பையன் டியூஷனுக்கு சைக்கிளில் போகிறான். அந்த நேரமெல்லாம் அவர்கள் வேறு யாரோ ஒருவரின் உயர்ந்த பானட்டுக்கு முன்னால் இருக்கிறார்கள். அந்த யாரோவும் தன் குடும்பத்துக்காகத்தான் அந்தக் காரை வாங்கியிருப்பார். ரோட்டுல போறவன் வேறு யாருமில்லை. கதவைத் திறந்து இறங்கிய நம்ம வீட்டு ஆள்தான்.

அதற்காகக் காரே வேண்டாம் என்று உபதேசம் செய்யப் போவதில்லை. அம்மாவின் மூட்டுவலியும் நிஜம்தானே? ஒரே ஒரு சோதனை செய்யச் சொல்கிறேன். ஷோரூமில் இன்ஜினை அணைத்து, சாவியை விற்பனையாளர் கையில் கொடுத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்காருங்கள். உங்கள் சின்னப் பிள்ளையைப் பம்பரை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். தெரிகிறதா? ஓர் அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இப்போது? பின்பக்கமும் அப்படியே. ஓரக் கண்ணாடியில் ஒரு சைக்கிள் எங்கே மறைகிறது, எங்கே தெரிகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று கார்களில் இதையே செய்து பார்த்தால், மைலேஜ் எண்களுக்கு இடையில் தெரியாத வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

எது வாங்கினாலும், எத்தனை அடி தூரம் உங்கள் பிள்ளை கண்ணில் படவில்லையோ அந்த எண்ணை மட்டும் மறக்காதீர்கள். தெருவில் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அந்த இடத்தில் யார் வீட்டுப் பிள்ளையாவது நிற்கலாம்.