முன் நிகழ்ந்தது காரணம் ஆகுமா?

காரணம் தேடுவது மனித அறிவின் இயல்பு. ஒரு கேடு நேர்ந்தவுடன், ‘இஃது ஏன் நேர்ந்தது?’ என்று கேட்கிறோம். அதே மூச்சில், ‘இதற்குச் சற்று முன்னர் என்ன நடந்தது?’ என்றும் கேட்டு, இரண்டாம் வினாவின் விடையையே முதல் வினாவின் விடையாகக் கொண்டுவிடுகிறோம். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த செய்தியை நம் முன்னோர் பழமொழியாக்கி வைத்தனர். அப்பழமொழியைச் சொல்லிச் சிரிக்கும் நாமே, அன்றாட வாழ்வில் காகத்தின் மீது குற்றம் சாட்டத் தயங்குவதில்லை. முன் நிகழ்ந்தது பின் நிகழ்ந்ததற்குக் காரணம் ஆகுமா என்பது தருக்க நூலாருக்கு மட்டும் உரிய வினா அன்று. ஒருவர் மீது பழி சுமத்தலாமா, கூடாதா என்னும் அறவினாவும் அதனுள் அடங்கியிருக்கிறது. இவ்வினாவை ஏட்டிலிருந்து எடுத்து, எண்ணெய்க் கறை படிந்த மோட்டார்ப் பட்டறை ஒன்றில் வைத்து ஆராய்வோம்.

மும்பையில் வாழும் தமிழர்க்குப் பத்மினி காரை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. குர்லாவில் பிரீமியர் நிறுவனத்தார் செய்த அவ்வண்டி, கறுப்பும் மஞ்சளும் பூசிய டாக்சியாகப் பல்லாண்டு இந்நகரத் தெருக்களில் ஓடி, 2023 அக்டோபர் இறுதியில் அப்பணியிலிருந்து விடைபெற்றது. சொந்த வண்டியாக அதனைப் பேணுவோர் இன்றும் சிலர் உளர். அவருள் ஒருவர் தம் வண்டியைச் சர்வீசுக்கு விடுகிறார் என்று கொள்வோம். பிளக்குகள் கழற்றித் துடைக்கப்படுகின்றன, பாயிண்ட் சரிசெய்யப்படுகிறது, கார்புரேட்டர் கழுவிப் பூட்டப்படுகிறது. மாலையில் வண்டி வீடு திரும்பும்போது எஞ்சின் சீராக ஓடாமல் விட்டுவிட்டு உதறுகிறது. ஏற்றத்தில் இழுவை குறைகிறது. பட்டறை வழக்கில் இதற்கு ‘மிஸ்ஸிங்’ என்று பெயர்.

இதன் உட்பொருளைச் சிறிது அறிந்துகொள்வது நலம். பத்மினியின் எஞ்சின் 1089 கன சென்டிமீட்டர் அளவும் நான்கு சிலிண்டர்களும் உடையது. எஞ்சின் இருமுறை சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒருமுறை தீப்பொறி விழ வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுழற்சி என்றால் நான்கு சிலிண்டர்க்கும் சேர்த்து நிமிடத்துக்கு 6000 பொறிகள். அதாவது நொடிக்கு 100. அரை மில்லிமீட்டரும் திறவாத பாயிண்ட் ஒவ்வொரு முறை விலகும்போதும் காயிலில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் பிறக்கிறது. டிஸ்டிரிபியூட்டர் அதனை 1, 3, 4, 2 என்னும் வரிசையில் பங்கிட்டு அனுப்புகிறது. பொறி, பெட்ரோலும் காற்றும் கலந்த அளவு, சிலிண்டரின் அழுத்தம் என்னும் மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. எஞ்சிய மூன்றும் அதனைச் சுமந்துகொண்டு ஓடும். ஒரே நோய்க்குறிக்குப் பத்துக் காரணங்கள் இருத்தல் கூடும் என்பது இதனால் விளங்கும்.

உரிமையாளர் மறுநாள் காலையில் பட்டறைக்குச் செல்கிறார். ‘நல்ல வண்டியைக் கொடுத்தேன், கெடுத்துக் கொடுத்துவிட்டாய்’ என்கிறார். மெக்கானிக்கோ, ‘வண்டிக்கு வயதாகிவிட்டது, ஐயா, நான் என்ன செய்வேன்?’ என்கிறார். இருவர் கூற்றும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் ஒரு வகையில் ஒன்றே. இருவருமே வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிட்டனர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உரிமையாளரின் தீர்ப்பு பிழையானால் அவருக்கு இழப்பில்லை. அந்தத் தொழிலாளியோ கூலியை இழப்பார். முதலாளியிடம் பெயரை இழப்பார். சில வேளைகளில் வேலையையே இழப்பார். சொல்லும் குற்றச்சாட்டு ஒன்றாயினும், சொல்பவர்க்கும் ஏற்பவர்க்கும் அதன் எடை வேறு. ஆதலின் வலியவர் பக்கத்திலிருந்து எழும் குற்றச்சாட்டுக்கு மிகுந்த ஆராய்ச்சி வேண்டும்.

நம் நாட்டு நியாய நூலார் இதனை நுணுகி ஆராய்ந்தனர். காரியத்துக்கு முன்னர்த் தவறாது நிற்பதும், அன்றியமையாததும் எதுவோ அதுவே காரணம் என்றனர். 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் இயற்றிய பாஷாபரிச்சேதத்தில், முன்னின்றும் காரணம் ஆகாதவற்றின் பட்டியலில் குயவனின் கழுதையும் இடம் பெறுகிறது. ஒரு குடம் உருவாவதற்கு முன் அதற்கு மண் சுமந்து வந்த கழுதை அங்கே நின்றது உண்மையே. ஆனால் கழுதை இல்லாமலும் குடம் உண்டாகும். எனவே முன்னே நின்றது என்பதனால் மட்டும் அது காரணம் ஆகிவிடாது. காரணம் எதுவும் காரியத்துக்கு முன்னே நிற்கும். ஆனால் முன்னே நின்றவை எல்லாம் காரணம் அல்ல. சர்வீஸ் என்பது இங்கே குயவனா, கழுதையா? ஆராயாமல் அதனை யாரும் சொல்ல இயலாது.

அங்ஙனமாயின் சர்வீசை ஐயுறுவதே தவறோ எனின், அன்று. நேற்றுவரை சீராக ஓடிய எஞ்சின் கை பட்ட அன்றே உதறுமாயின், கை பட்ட இடத்தை முதலில் பார்ப்பதே அறிவுடைமை. இரண்டு பிளக்கு வயர்கள் இடம் மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம். துடைக்கும்போது பிளக்கின் பீங்கான் கீறியிருக்கலாம். பாயிண்ட் இடைவெளி பிசகியிருக்கலாம். கார்புரேட்டரின் அடியில் பூட்டு இறுகாமல் காற்றுப் புகலாம். ஐயம் எங்கே தேடுவது என்று காட்டும். என்ன கண்டோம் என்று சொல்லாது. தேடலைத் தொடங்கி வைக்க வேண்டிய ஐயத்தைத் தேடலின் முடிவாகக் கொள்வதே நாம் செய்யும் பிழை. நேர்மையான மெக்கானிக்கும் இவ்வையத்தைத் தம்மீதே முதலில் திருப்புவார். தாம் செய்ததை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின்னரே வண்டியின் வயதைப் பற்றிப் பேசுவார்.

தேடும் முறையும் எளியதே. எஞ்சின் மெல்ல ஓடுகையில், காப்பிட்ட இடுக்கியால் பிளக்கு வயர்களை ஒவ்வொன்றாகச் சிறிது நேரம் விலக்கிக் காது கொடுப்பர். வேலை செய்யும் சிலிண்டரின் வயரை விலக்கினால் எஞ்சின் மேலும் தளரும். எதனை விலக்கியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ, அங்கேதான் குறை. பின்னர் அந்தப் பிளக்கை அடுத்த சிலிண்டரின் பிளக்கோடு மாற்றிப் பூட்டுவர். குறையும் அதனோடு இடம் பெயர்ந்தால் பிளக்கே குற்றவாளி. பெயராவிடின் வயரைச் சோதிப்பர். உள்ளவிடத்து உண்மையும் இல்லவிடத்து இன்மையும் காண்பது என்று தருக்க நூலார் கூறுவது இதுவே. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது இதன் உயிர்நிலை. பிளக்கு, வயர், பாயிண்ட், மூடி ஆகிய அனைத்தையும் ஒருசேர மாற்றிவிட்டால் வண்டி ஓடும், குறையும் தீரும். ஆனால் குறை எங்கிருந்தது என்பது என்றைக்கும் தெரியாது. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவராயினும் அதனை மெய்ப்பிக்கும் வழி அடைபட்டுவிடும்.

இனிக் கடினமான ஒரு நிலையைக் காண்போம். குறை ஒரு வயரில் என்று தெரிந்துவிட்டது. பல ஆண்டு வெப்பத்தில் இறுகி உளுத்த வயர், பிளக்கைக் கழற்றும்போது உள்ளே அறுந்திருக்கிறது. காரணம் கையா, காலமா? இரண்டுமே என்பதுதான் உண்மை. கை படாவிடின் அன்று அறுந்திராது. முதுமை இல்லாவிடின் கை பட்டும் அறுந்திராது. காரணம் எது என்னும் வினாவும், பொறுப்பு யாருடையது என்னும் வினாவும் இங்கே பிரிகின்றன. மெக்கானிக் வயரின் முனையிலுள்ள மூடியைப் பிடித்து மெல்லக் கழற்றினாரா, வயரையே பற்றி இழுத்தாரா? வயர்கள் பழையன என்று கண்டு முன்னரே சொன்னாரா? சொல்லியும் உரிமையாளர் செலவுக்கு அஞ்சி, ‘இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்றாரா? பொறுப்பைத் தீர்மானிப்பவை இவ்வினாக்களே. நிகழ்ச்சிகளின் முன்பின் வரிசை பொறுப்பைக் காட்டாது. அவரவர் எதனை அறிந்திருந்தார், எதனைச் செய்ய இயலும் நிலையில் இருந்தார், அதனைச் செய்தாரா என்பனவே காட்டும்.

பட்டறையில் கண்ட இப்பிழை வீட்டிலும் உண்டு. புதிதாக மணமாகி ஒரு பெண் புகுந்த வீட்டில் மாமனார் நோயுற்றாலோ வணிகம் நொடித்தாலோ, ‘இவள் வந்த வேளை’ என்று கூறும் வழக்கம் நம்மிடையே முற்றும் ஒழிந்ததா? மாமனாரின் நெஞ்சு வலிக்கு முப்பது ஆண்டுப் புகைப் பழக்கம் இருக்கும். வணிகத்துக்கு அடைபடாத கடன் இருக்கும். அவற்றை யாரும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதில்லை. வாயில்படி ஏறி வந்தவள் அண்மையில் வந்தவள். மறுமொழி சொல்ல இயலாதவள். அவ்வளவே அவள் குற்றம். ஒரு சமுதாயத்தில் பழி எப்போதும் எதிர்த்துப் பேச இயலாதவர் மீதே சென்று விழுமானால், அங்கே ஆராய்ச்சி நடைபெறவே இல்லை என்று கொள்ளலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் பிரசவப் பிரிவுகள் இரண்டு இருந்தன. 1846ஆம் ஆண்டில், மருத்துவர்களும் மாணவர்களும் பணிசெய்த பிரிவில் தாய்மாருள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் மாண்டனர். மருத்துவச்சியர் பணிசெய்த பிரிவில் இறப்பு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் இரு பிரிவுக்கும் உள்ள வேறுபாடுகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். பாதிரியாரின் மணியோசை தாய்மாரை அச்சுறுத்துகிறதோ என்று அதனை நிறுத்தினார், பிரசவத்தின்போது படுக்கும் நிலையை மாற்றினார், பயனில்லை. இறுதியில், பிணங்களை அறுத்து ஆராய்ந்த கையோடு தாய்மாரைத் தொடும் மருத்துவர்களின் கைகளே காரணம் என்று கண்டு, 1847இல் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். மறு ஆண்டில் அப்பிரிவின் இறப்பு ஏறத்தாழ ஒன்றேகால் விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் கற்றோர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். தொண்டு செய்யும் மதிப்பிற்குரிய கை கேடு செய்யும் என்று எண்ணவே அவர்களால் இயலவில்லை. ஆராய்ச்சி எளியவரைப் பொய்ப்பழியிலிருந்து காக்கிறது. அதே ஆராய்ச்சி உயர்ந்தோரை மெய்ப்பழியிலிருந்து தப்பவிடுவதும் இல்லை. இரண்டும் சேர்ந்ததே நடுவுநிலைமை.

அன்றாட வாழ்வில் ஒவ்வொன்றையும் இவ்வாறு சோதித்துக்கொண்டிருக்க நேரம் ஏது என்று கேட்கலாம். உண்மைதான். நேரமில்லை என்றால் தீர்ப்பை நிறுத்தி வைக்கலாம். அதற்கு நேரம் வேண்டுவதில்லை. நம் தமிழில் ஒரு சிறு நுட்பம் உண்டு. ‘என்ன செய்தீர்கள்?’ என்பது வினா, ‘என்ன செய்துவிட்டீர்கள்?’ என்பது வினாவின் வடிவில் வந்த தீர்ப்பு. முதலாவதற்குத் தொழிலாளி தாம் கழற்றியதையும் பூட்டியதையும் நினைவுகூர்ந்து விடை சொல்வார். அவ்விடையிலேயே குறையின் இருப்பிடம் தென்படக்கூடும். இரண்டாவதற்கு அவர் தம்மைக் காத்துக்கொள்ள மட்டுமே முயல்வார், உண்மை மறைந்துபோகும். ஒரு விகுதியை அடக்கிக்கொள்வது பெரிய துறவு அன்று. எனினும் பட்டறையிலும் வீட்டிலும் அலுவலகத்திலும் அதனைக் கடைப்பிடிப்போமாயின், குற்றமற்ற பலரின் பிழைப்பும் மானமும் காக்கப்படும். வண்டியின் குறையும் விரைவில் தீரும்.