கண்டவன் வாக்கும் இயந்திரத்தின் வாக்கும்

பிறர் சொல்லக் கேட்டு நாம் பெறுகிற அறிவும் அறிவாகுமா, ஆகுமென்றால் சொல்லுகிறவனிடத்தில் எந்தெந்த லட்சணங்கள் அமைந்திருக்கவேண்டும் என்னும் கேள்வியை நம் நாட்டுத் தார்க்கிகர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் அலசி வந்திருக்கிறார்கள். வேத ஆகமங்களின் பிராமாண்யத்தை நிலைநாட்டவும் மறுக்கவும் எழுந்த அந்த விவாதம், அவற்றோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத ஓரிடத்தில், இணையத்தில் செஸ் ஆடுகிறவர்களின் நடுவில், இப்பொழுது மறுபடியும் தலையெடுத்திருக்கிறது என்பது என் எண்ணம். கைப்பேசியிலும் கணினியிலும் மனிதரைப்போலவே உரையாடுகின்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களை, உலகெங்குமுள்ளோர் ஆடிய ஆட்டங்களின் பதிவேடுகளோடு இணைத்துவிடும் வழக்கம் சமீபத்தில் பரவி வருகிறது. இணைத்தபின், "நேற்றிரவு ஆடிய கடைசி ஆட்டத்தில் நான் எங்கே சறுக்கினேன்?" என்று ஒருவன் கேட்டால், உதவியாளர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்லுகிறது. அந்தப் பதிலை எந்தப் பிரமாணத்தில் சேர்ப்பது?

இணைப்பு இல்லாதபோது நிலைமை என்னவென்பதை முதலில் பார்த்துவிடவேண்டும். இவ்வகை உதவியாளர் அளவிறந்த எழுத்துக்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது இயல்பு என்பதே அது கற்ற வித்தையின் அஸ்திவாரம். 1858-ல் பாரிஸ் நகரத்து ஆப்பரா அரங்கில், நாடகம் நடந்துகொண்டிருக்கையிலேயே, அமெரிக்கரான பால் மார்ஃபி பிரபுக்கள் இருவரை ஒருங்கே எதிர்த்து 17 நகர்த்தல்களில் முடித்துவைத்த ஆட்டத்தைப்பற்றிக் கேட்டால், அது பெரும்பாலும் தடுமாறாமல் ஒப்பித்துவிடும். அந்த ஆட்டத்தை அச்சிடாத செஸ் புத்தகங்கள் குறைவு. நேற்றிரவு ஒரு கல்லூரி மாணவன் தன் அறையிலிருந்து ஆடித் தோற்ற ஆட்டமோ எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஆயினும் கேட்டவனை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாததுபோல், இந்த இடத்தில் குதிரையை இழந்தீர்கள், அந்த இடத்தில் ராஜாவைக் காக்கத் தவறினீர்கள் என்று, ஆடாத ஆட்டத்துக்கு அழகான வியாக்கியானம் ஒன்றை அது அருளிச்செய்யக்கூடும். இதைப் பொய் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பொய் சொல்லுகிறவனுக்கு மெய் இன்னதென்று தெரிந்திருக்கவேண்டும். மார்ஃபியின் ஆட்டத்தைச் சொன்ன அதே குரலில், அதே நிதானத்தில், இல்லாத ஆட்டத்தையும் அது சொல்லுகிறதே, அங்கேதான் கோளாறு இருக்கிறது.

இணைப்பு என்பது இதற்கு ஒரு பரிகாரமாக வந்தது. 2007-ல் தொடங்கிய செஸ்.காம், 2010-ல் பிரெஞ்சுக்காரரான திபோ துப்லெஸி தொடங்கி இன்றளவும் கட்டணமின்றி நடந்துவரும் லிசெஸ் ஆகிய இரண்டு தளங்களும் தம்மிடம் ஆடப்பட்ட ஆட்டங்களைப் பிற நிரல்கள் வந்து படித்துக்கொள்ளும்படி வாயில் திறந்து வைத்திருக்கின்றன. லிசெஸ் ஒரு படி மேலே சென்று, தரப்புள்ளிக்காக ஆடப்பட்ட ஆட்டங்கள் அனைத்தையும் மாதந்தோறும் பொதுச்சொத்தாகவே வெளியிட்டுவிடுகிறது. உதவியாளர்கள் இத்தகைய வாயில்களுக்குள் ஒழுங்காகப் போய்வருவதற்கு ஒரு பொது முறையை, மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பெயரில், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்டது. அதன்பின் செஸ் பதிவேடுகளுக்கும் சிறு சிறு பாலங்களைப் பலர் கட்டினார்கள். ஆட்டக்காரனின் பெயரும் வருஷமும் மாதமும் கொடுத்தால், அந்த மாதத்து ஆட்டங்களெல்லாம் வெறும் எழுத்து வடிவில் வந்து உதவியாளர் முன் விழுகின்றன. அந்த எழுத்துக்கு இலக்கணம் 1993-ல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த பி.ஜி.என். என்னும் குறியீட்டு முறை.

இனி பிரமாணங்களுக்கு, அதாவது தமிழ் நூல்கள் அளவைகள் என்பவற்றுக்கு, வருவோம். மணிமேகலை வஞ்சி நகரத்தில் சமயவாதிகளைக் கண்டு கேட்டபோது அளவைவாதி எடுத்துரைத்த அளவைகள் பத்து. பின்னர் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு உபதேசித்தபோது அவை காட்சியும் கருத்துமாகிய இரண்டாகச் சுருங்கின. நையாயிகர் நான்கு என்பார்கள். அருணந்தி சிவாசாரியர் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே இந்தப் பட்டியல்களையெல்லாம் கணக்கிலெடுத்துக்கொண்டு, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அனைத்தும் அடங்கும் என்று முடிவு கட்டினார். உரை என்பதுதான் நாம் பேசுகிற பொருள். உரை பிரமாணமாவதற்கு உரைப்பவன் ஆப்தனாயிருக்கவேண்டும். ஆப்தன் யார் என்பதற்கு நியாய சூத்திர பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர் கூறிய லட்சணம் இரண்டு கூறுடையது: பொருளை நேரே அறிந்திருக்கவேண்டும், அறிந்தவாறே பிறருக்குத் தெரிவிக்கவேண்டும் என்னும் விருப்பம் உந்தப் பேசவேண்டும். இந்த லட்சணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்று அவர் சேர்த்துச் சொன்னதை நான் படிக்குந்தோறும் வியக்கிறேன். குலமும் பிறப்பும் கேளாமல் ஆப்தனை அடையாளம் கண்ட அந்தப் பரந்த நோக்கை இன்னும் ஓர் அடி நகர்த்தி, இயந்திரமும் ஆப்தனாகுமா என்று கேட்பதில் தோஷமில்லை.

இரண்டு கூறுகளில் முதலாவதை இணைப்பு ஓரளவு நிறைவேற்றுகிறது என்றே கொள்ளவேண்டும். எழுத்தைத்தானே படித்தது, ஆட்டத்தைக் கண்டதா என்று ஆட்சேபிப்பாருக்கு, செஸ் ஒரு விசித்திரமான கலை என்பதை ஞாபகப்படுத்தலாம். சங்கீதக் கச்சேரியைச் சுரக்குறிப்பிலிருந்து மீட்டெடுக்க முடியாது. செஸ் ஆட்டத்தின் நகர்த்தல்களையோ குறிப்பிலிருந்து ஒன்றும் சிந்தாமல் மீட்டெடுக்கலாம். மார்ஃபியின் ஆட்டத்தை நம்மில் கண்டவர் யார்? குறிப்பைக் கொண்டுதான் அதை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ரசித்து வருகிறோம். குறிப்பே இல்லாத ஆட்டமும் உண்டு. நீடாமங்கலத்துக்கு அருகே திருப்பூவனூரில், அம்பிகையாக அவதரித்த அரசகுமாரியோடு ஈசனே வந்து சதுரங்கமாடி வென்று மணந்தான் என்கிறது தலபுராணம். சுவாமிக்குச் சதுரங்க வல்லபநாதர் என்றே திருநாமம். அந்த ஆட்டத்தில் முதல் காயை நகர்த்தியவர் யார், எத்தனையாவது நகர்த்தலில் முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை. அங்கே புராணத்தின் வாக்கு ஒன்றே ஆதாரம். பக்தனுக்கு அது போதும்.

பதிவேட்டுக்கு வேறொரு சிறப்பும் இருக்கிறது. சொல்லில் குற்றம் நுழைவது சொல்லுகிறவன் வழியாக, ஆகவே சொல்லியவன் ஒருவனில்லாத வேதத்தில் குற்றம் நுழைய வழியில்லை என்பது மீமாம்சகர் கட்சி. வேதத்தின் விஷயத்தில் அதை ஒப்புவதும் ஒப்பாததும் அவரவர் சமயத்தைப் பொறுத்தது. ஆனால் இணைய ஆட்டத்தின் பதிவேட்டை எழுதினவன் ஒருவனுமில்லை என்பது கண்கூடு. இருவர் ஆடினார்கள், ஒவ்வொரு நகர்த்தலும் தானே பதிந்தது, கடிகாரத்தில் மிஞ்சிய விநாடியும் உடன் பதிந்தது. அபிமானமோ பொறாமையோ அதில் கலக்க இடமில்லை. இப்படிப் பேசுகிறவனில்லாமல் கிடந்த ஏட்டுக்கு உதவியாளர் ஒரு பேசுகிறவனைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மீமாம்சகன் அஞ்சிய அந்த வாயில் அங்கே திறந்துகொள்கிறது.

எப்படியென்பதை ஓர் ஆட்டத்தைக் கொண்டே பார்க்கலாம். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம். இருவரிடமும் ராஜா, யானை, பிஷப் ஒவ்வொன்று. சிப்பாய்கள் குகேஷுக்கு இரண்டு, டிங்குக்கு ஒன்று. ஆகப் பலகையில் ஒன்பது காய்கள். சமனில் முடியும் என்று பார்த்தவர்கள் எண்ணியிருந்த அந்நிலையில், 55-ஆவது நகர்த்தலாக டிங் தம் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுண்டன, உடனே குகேஷ் தம் பிஷப்பை டி5 கட்டத்தில் வைத்து அதையும் மாற்றிக்கொள்ள நிர்ப்பந்தித்தார், 58-ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இந்த ஆட்டத்தில் உதவியாளருக்குக் கிடைக்கும் ஆதாரங்கள் ஒரே தரத்தவை அல்ல. நகர்த்தல்களின் வரிசை ஏட்டில் உள்ளது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏட்டிலிருந்து அவ்வப்போதைய பலகையை மனத்தில் கட்டி நிறுத்தும் காரியத்தில் இவ்வகை உதவியாளர்கள் அடிக்கடி வழுக்கி விழுகின்றன. வெட்டுண்டு போன காயை இன்னும் நிற்பதாகப் பேசுகின்றன. அதனால்தான் விவரமறிந்தவர்கள் பதிவேட்டோடு நிறுத்தாமல் ஸ்டாக்ஃபிஷ் போன்ற கணிப்பு எந்திரத்தையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அவ்வெந்திரம் ஒன்பது காய்கள் நின்ற நிலையைக் குறித்துச் சொல்லுவது மிகக் கூர்மையானதேயானாலும் கருதலளவை. இன்னும் ஆழமாகத் தேடினால் அபிப்பிராயம் மாறலாம். யானைகள் வெட்டுண்டபின் பலகையில் ஏழே காய்கள். ஏழு காய்களும் அதற்குக் குறைந்தனவுமான நிலைகளுக்கெல்லாம் முடிவு இன்னதென்று ஒன்றுவிடாமல் கணக்கிட்டுச் சேமித்த அட்டவணைகள் 2018 முதல் லிசெஸில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி உள்ளன. அங்கே தீர்ப்பு முடிந்த முடிபு, மேல்முறையீடு இல்லை. ஆக ஒரே ஆட்டத்தில், இரண்டு நகர்த்தல் இடைவெளியில், அனுமானம் முடிந்து நிச்சயம் தொடங்குகிறது. நல்ல ஆசிரியன் அந்த எல்லையில் குரலை மாற்றுவான். உதவியாளர் தானாக மாற்றுவது அபூர்வம்.

இதற்கும் அப்பால் ஒரு கேள்வி இருக்கிறது: டிங் ஏன் அப்படி ஆடினார்? தம் தவற்றை எதிராளியின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியையும் பரபரப்பையும் கண்டே உணர்ந்ததாகவும், உணர்ந்ததும் அதிர்ந்துபோனதாகவும் அவர் பிறகு நிருபர்களிடம் சொன்னார். புகையைக் கண்டு நெருப்பை அறிந்த கதை! உலக சாம்பியன் ஒருவர் தம் பலகையைவிட எதிரே இருந்த முகத்தில் உண்மையை முதலில் படித்தார். பதிவேட்டில் முகம் இல்லை. அட்டவணையில் அதிர்ச்சி இல்லை. ஆயினும் ஏன் என்று உதவியாளரைக் கேட்டுப் பாருங்கள்: களைப்பு, நேர நெருக்கடி, சமன் செய்துவிடும் அவசரம் என்று காரணங்கள் வரிசையாக வரும். அவற்றுள் ஏதேனும் உண்மையாயிருக்கலாம். ஆனால் எஃப்2 கட்டத்தில் யானை வைக்கப்பட்டது என்று சொன்னதும் இதே குரல்தான் என்பதைக் கேட்பவன் மறந்துபோகிறான்.

ஆப்தனுக்குரிய இரண்டாம் கூறு, உள்ளதை உள்ளவாறே சொல்லவேண்டும் என்னும் விருப்பம். இயந்திரத்துக்கு விருப்பு வெறுப்பே இல்லையாதலால் அது வஞ்சிக்காது, ஆகவே மனிதனைவிட நம்பத்தக்கது என்று வாதிப்பாரும் உளர். ராகத் துவேஷங்களை வென்றவனையே ஆப்தன் என்ற ஜைனர்களின் கொள்கையை அவர்கள் துணைக்கு அழைக்கலாம். அழைத்தாலும் வாதம் நிற்காது. வென்றவன் வேறு, வெல்ல ஒன்றுமில்லாதது வேறு. கல் கோபிக்காததனால் அதைப் பொறுமைசாலி என்று யாரும் பாராட்டுவதில்லை. அன்றியும் இந்த உதவியாளர்களின் பயிற்சியில், மனிதர்கள் விரும்பிய பதிலுக்கு மதிப்புக் கூடுதலாகக் கொடுத்துத் திருத்துவது ஒரு பகுதி. அதன் பயனாக, கேட்பவனுக்கு இனிமையானதைச் சொல்லும் ஒரு சாய்வு அவற்றில் குடியேறியிருப்பதை அவற்றை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தோற்றுவந்த மாணவனிடம், உங்கள் திட்டம் சிறப்பானதே, சிறு கவனக்குறைவுதான் என்று அது ஆறுதல் சொல்லும்போது, பதிவேட்டில் இல்லாத ஒரு தாட்சணியம் நுழைந்துவிட்டது.

ஆகவே இணைப்பினால் இயந்திரம் ஆப்தனாகிவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. காண்பதற்கு வழி கிடைத்திருக்கிறது, கண்டதோடு நிற்கும் கட்டுப்பாடு கிடைக்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை இப்போதைக்குக் கேட்கிறவன்தான் சுமக்கவேண்டியிருக்கிறது. செஸ்ஸில் அது பெரிய பாரமன்று. எந்த ஆட்டம், எத்தனையாவது நகர்த்தல், இது ஏட்டில் கண்டதா, எந்திரம் கணித்ததா, நீயே கருதியதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு, பலகையை எடுத்து வைத்து ஆடிப் பார்த்துவிடலாம். அறிவின் மெய்ம்மை அதைக்கொண்டு செய்யும் காரியம் பலிப்பதில் தெரியும் என்று நையாயிகர் சொன்ன சோதனைக்கு இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது.

இதே பாலத்தைச் செஸ்ஸோடு நிறுத்திக்கொள்ள யாரும் உத்தேசிக்கவில்லை. சாஸ்திர நூல்களின் ஏடுகளையும் இவ்வாறே இணைக்கலாம், இணைத்தும் வருகிறார்கள். அங்கே ஆடிப் பார்க்கப் பலகை ஏது? மேலே சொன்ன சித்தியாரில் தன் கொள்கையை நிறுவும் பகுதியாகிய சுபக்கத்தையே எடுத்துக்கொண்டால், அதற்கு அறுவர் உரை உண்டு. யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர் கொண்ட பொருளைச் சிவஞான முனிவர் பல இடங்களில் ஏற்பதில்லை, ஏலாமையைக் காரசாரமாகவே தெரிவிக்கிறார். சித்தியார் என்ன சொல்லுகிறது என்று ஒருவன் கேட்டால், உதவியாளர் அந்த ஆறு பேரையும் ஒரு பத்திக்குள் அடக்கிச் சமரசமாக ஒரு பொருள் கூறிவிடும். அது யாருடைய உரைப்படி என்று அவன் திருப்பிக் கேட்கலாம்தான். உரைகள் ஆறு உண்டென்று முன்பே அறிந்தவனாயிருந்தால்.